சுட்டால் நம் வீட்டிலேயே ஓட்டை: என் ரோபோ கிளைக்கதையில் ஒரு சந்தேகம்

பாலாடா_கேரட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் ஊட்டிக்குப் பக்கம் பாலாடா. மாமாவின் கேரட் கழுவும் ஷெட்டில் எனக்கு இரவு வேலை. ஒரு லோடு முடிந்து அடுத்த லோடு வரும்வரை கிடைக்கிற நேரத்தில் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) படிப்பேன், கொஞ்ச நாளாகப் படமும் போடுகிறேன். பனியில் தாள் நமுத்துப்போய் மை ஊறுகிறது. அதனால் தாளைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் வரையவே உட்காருவேன்.

நான் படிப்பது 'கண்டம்' (Gundam) வரிசை. அம்மாவிடம் பெயரைச் சொன்னதும், "என்ன கண்டம்டா, நீர்க் கண்டமா நெருப்புக் கண்டமா, எந்த ஜோசியர் சொன்னாரு?" என்று பதறிவிட்டார். அது 1979-ல் ஜப்பான் டிவியில் வந்த ரோபோ தொடர் என்று விளக்கிச் சொன்ன பிறகும், "எதுக்கும் சனிக்கிழமை எள் விளக்கு போட்டுடு" என்றார். போட்டேன்.

மூலக்கதையைவிடக் கிளைக்கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். ஜப்பானியர்கள் இதை 'கைடென்' என்பார்கள். போரும் அதேதான், வருடமும் அதேதான். ஆனால் பெரிய நாயகன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். ரிப்பேர் ஆன ரோபோவை வைத்துக்கொண்டு நாலு பேர் ஒரு மூலையில் கிடந்து அல்லாடுவார்கள். போரில் யார் ஜெயிப்பார்கள் என்பது நமக்கு முன்பே தெரியும், இந்த நாலு பேர் பிழைப்பார்களா என்பதுதான் தெரியாது.

என் கதையும் அப்படித்தான், மொத்தம் 26 பக்கம். சுழலும் உருளை வடிவத்தில் ஒரு விண்வெளிக் காலனி. அதைக் காக்க நாலு பழைய ரோபோ, நாலு பைலட். 14-ம் பக்கத்தில் எதிரி உள்ளே நுழைந்துவிடுகிறான். நம் ஆள் சுடுகிறார், குண்டு குறி தப்பிச் சுவரைத் துளைக்கிறது. உடனே மாடு, மினி பஸ், பேக்கரி, மாரியம்மன் கோயில் தேர் எல்லாம் அந்த ஓட்டை வழியாக வெளியே பறக்கின்றன. இரண்டு பக்கத்தையும் அடைத்த ஒரே படம், மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்டது. ஊட்டிக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் அத்தை மகள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, வாக்குவம் கிளீனர் விளம்பரமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஏன் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

காலனியின் வடிவத்துக்கு நான் எங்கேயும் தேடிப் போகவில்லை. முத்தோரைச் சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கிதான் மாதிரி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வரிசையாக 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய கம்பிகள். ஊட்டி 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், அதே 11 டிகிரி சாய்வுள்ள சரிவாகத் தேடி 1970 வாக்கில் கட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் அதை யாரோ விட்டுவிட்டுப் போன விண்கலத்தின் விலா எலும்பு என்று நினைத்திருந்தேன். அந்த எலும்பின் மேல் தோல் போர்த்தி, முழு உருளையாக்கி, உள்ளே கேத்திப் பள்ளத்தாக்கை வைத்துவிட்டேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஓட்டை விழுந்தால் நிஜமாக என்னதான் நடக்கும்? உள்ளே கல்லை வீசினால் நேராகப் போகுமா? அப்புறம், உள்ளே மூடுபனி போடலாமா? மூடுபனி இல்லாத கேத்தியைப் பார்க்க மொட்டையாக இருக்கிறது.

---

குன்னூர்_வர்க்கி எழுதியது:

தம்பி, முதலில் அந்த மாடு பறக்கும் பக்கத்தை ஸ்கேன் எடுத்துப் போடுங்கள். அறிவியல் எக்கேடு கெட்டால் என்ன, எங்களுக்கு மாடு முக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் மூலத்தொடரின் முதல் பகுதியிலேயே இருக்கிறது. நாற்பது வருடம் தாண்டிய கதை, அதனால் ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. பையன் முதன்முதலாக ரோபோவில் ஏறி ஒரு எதிரி ரோபோவை வெட்டுகிறான். அது வெடித்ததில் காலனிச் சுவர் கிழிந்துவிடுகிறது, அவனுடைய அப்பாவே அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடுகிறார். அதனால் அடுத்த எதிரியை வெடிக்கவிடாமல், காக்பிட்டை மட்டும் பார்த்துக் குத்துகிறான். ரோபோ சண்டை என்றால் வாணவேடிக்கை என்று இருந்த காலத்தில், 'வெடித்தால் நம் வீடு போய்விடும்' என்று ஒரு நாயகன் யோசித்தது அந்த இடத்தில்தான். அந்தத் தொடரை 52 வாரத்துக்குத் திட்டமிட்டு, பார்ப்பவர்கள் போதாமல் 43-லேயே முடித்துவிட்டார்கள். அதற்கு இத்தனை கிளை முளைத்திருப்பதுதான் வேடிக்கை.

கிளைக்கதை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பாரதப் போர் தொடங்கும் முன்பே களப்பலி ஆனவன் அரவான். ஆனால் எங்கள் அப்பா ஊர்ப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்தில், கூத்து பார்த்திருந்தால் தெரியும். அர்ச்சுனனுக்குக் கைதட்டுவார்கள், அரவானுக்குத்தான் விடிய விடிய அழுவார்கள்.

---

அரை_ஆரம் எழுதியது:

கோத்தகிரியில் ட்யூஷன் எடுக்கிறேன். உங்கள் அத்தை மகள் என் மாணவியாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன், அவர்களுக்கும் காரணம் எழுதும் பழக்கமே கிடையாது.

உருளைக் காலனி என்ற யோசனையைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜெரார்ட் ஓ'நீல். 1974-ல் கட்டுரையாக எழுதி, 1976-ல் புத்தகமாக்கினார். அவருடைய பெரிய அளவு உருளையையே எடுத்துக்கொள்வோம். விட்டம் 6.4 கி.மீ., நீளம் 32 கி.மீ. அதற்குள் இருக்கும் காற்று கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி கன மீட்டர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை பத்துக்குப் பத்து மீட்டர் என்று வைப்போம். வெற்றிடத்துக்குள் காற்று ஒலியின் வேகத்துக்கு மேல் நெருக்கிக்கொண்டு போக முடியாது, வாசலிலேயே திணறும். ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 200 கன மீட்டர்தான் வெளியேறும். உங்கள் ஓட்டைக்கு அது 20,000. வகுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்த வேகத்திலேயே கடைசிவரை போனாலும் காலனி காலியாக ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். ஓட்டையின் நடுவிலிருந்து பத்து மீட்டரில் நின்றால் மணிக்கு 115 கி.மீ. புயல், ஆளைத் தூக்கிவிடும். முப்பது மீட்டரில் 13 கி.மீ. காற்று, துணி காயும். நூறு மீட்டரில் ஒன்றும் தெரியாது. பேக்கரியும் தேரும் இருந்த இடத்திலேயே இருக்கும். மன்னிக்கவும்.

இன்னொன்று. சுழலும் காலனியில் சுவர்தான் தரை. நீங்கள் ஓட்டையைப் பக்கவாட்டில் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது காலடியில், மூடி இல்லாத கிணறு மாதிரி இருக்கும். உள்ளே விழுந்த பொருள் மறுபக்கம் நட்சத்திரங்களை நோக்கி மணிக்கு சுமார் 640 கி.மீ. வேகத்தில் போகும். ஏனென்றால் அந்தத் தரை சுற்றிக்கொண்டிருப்பதே அந்த வேகத்தில்தான். பூமியில் உள்ள அதே எடை வர, அந்த உருளை இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில் ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

புரியவில்லை என்றால் உங்கள் ஷெட்டிலேயே டிரம் இருக்கிறதே. ஒரு மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 42 சுற்றைத் தாண்டினால் கேரட் உருளாது, சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். காலனியில் நாம்தான் அந்தக் கேரட்.

கல்லை எறிந்தால் நேராகப் போகாது. அஞ்சு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போட்ட பந்து, கையில் விழாமல் சுழலும் திசையில் முக்கால் மீட்டர் தள்ளி விழும். குண்டு என்றால் கதையே வேறு. விநாடிக்கு 500 மீட்டர் வேகமுள்ள குண்டை, உருளையின் குறுக்கு வாக்கில், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதைக் குறிவைத்துச் சுட்டால் 110 மீட்டர் விலகிவிடும். உருளையின் நீளவாக்கில் சுட்டால் இந்தக் கோணல் கிடையாது. ரோபோ ஓடினாலும் இதே கூத்துதான். 60 டன் ரோபோ சுழலும் திசையில் மணிக்கு 36 கி.மீ. ஓடினால் 67 டன் கனக்கும், எதிர்த்திசையில் ஓடினால் 53 டன்.

மூடுபனி தாராளமாகப் போடலாம். ஓ'நீல் காலனியில் வெயிலை உள்ளே அனுப்புவது வெளியே இருக்கும் பெரிய கண்ணாடிகள். அவற்றை மடக்கினால் இரவு. ஈரமும் குளிரும் சேர்ந்தால் பனி இறங்கத்தானே செய்யும். ஒருவேளை எதிரி ஒரு குண்டும் போடாமல் கண்ணாடியை மட்டும் மடக்கி மாட்டிவிட்டுப் போனால்? நாலு நாளில் உறைபனி, தேயிலை கருகிவிடும். தை மாதக் காலையில் புல் வெள்ளையாக நிற்பதைப் பார்த்த ஆட்களுக்கு அந்தப் பயத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

---

பாலாடா_கேரட் எழுதியது:

அண்ணா, நேற்று ராத்திரி போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து டிரம்மை எண்ணினேன். நிமிடத்துக்கு 26 சுற்று. நீங்கள் சொன்ன 42-க்குக் கீழேதான். எங்கள் டிரம் இரும்புத் தகட்டில் வெல்டிங் வைத்தது, உடம்பெல்லாம் விரல் நுழையும் துளை. ஒரு பக்கம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் செம்மண் குழம்போடு கேரட் ஏறும். மேலே பைப்பிலிருந்து தண்ணீர் பீச்சும். கேரட் சுவரோடு முக்கால்வாசி மேலே ஏறி, அங்கே ஒரு கணம் தயங்கிவிட்டு, தொப்பென்று விழும். அந்தத் தயக்கத்தை ஆறு வருடமாகப் பார்க்கிறேன், அது என்ன என்று யோசித்ததே இல்லை. நேற்று அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் மறுமுனையில் கூடை நிரம்பி வழிந்து, மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த 110 மீட்டர்தான் மண்டைக்குள் சுற்றுகிறது. சமவெளி டிரைவர்கள் முன்பெல்லாம் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்துப் புகை கிளப்புவார்கள். எங்கள் ஊர் ஆள் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டே இறங்குவார். இரண்டு பேரும் ஓட்டுவது ஒரே வண்டிதான். அப்படியென்றால் என் காலனிக்கு வந்த எதிரியிடம் புது ரோபோ, பெரிய துப்பாக்கி எல்லாம் இருந்தாலும் அவன் சுடுவது கோணலாகத்தானே போகும்? எங்கள் பைலட்டுகள் சின்ன வயதிலிருந்து அந்தக் காலனியில் கிரிக்கெட் ஆடியவர்கள். தெரு எந்த வாக்கில் போகிறது என்று பார்த்தே பந்தை எறிந்து பழகியவர்கள். அவர்களுக்குக் கணக்கே வேண்டாம், கை தானாகத் திரும்பும்.

இதை யோசித்ததும் ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு எப்படியும் ராத்திரி தூக்கம் கிடையாது, அது வேறு விஷயம்.

---

ஏழாம்_லைன் எழுதியது:

நான் கூடலூர் பக்கம், அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். கணக்கு அண்ணன் சொல்லிவிட்டார், நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

கிளைக்கதையில் எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் 'தண்டர்போல்ட்' என்பேன். யாசுவோ ஓட்டகாகி 2012-ல் தொடங்கிய மாங்கா. சிதறிப்போன காலனிகளின் துண்டுகள் மிதக்கும் ஒரு பகுதி, துண்டுகளில் மின்சாரம் ஏறி எப்போதும் மின்னல் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே சண்டை போடும் ஒரு பக்கத்துக்காரர்கள் அதே காலனியில் பிறந்தவர்கள். மூர் என்பது ஊர்ப் பெயர். ஊரே இல்லை, ஓடுதான் கிடக்கிறது, அதை மீட்கப் போகிறார்கள். எதிர்ப் பக்கத்தில் கால் இழந்த ஒருவன் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறான். மூர் பக்கத்து பைலட்டின் ரேடியோவில் ஜாஸ், அவன் ரேடியோவில் காதல் பாட்டு. 2018-ல் கையில் தசைநார் உறை வீங்கி, ஓட்டகாகி அந்த நுணுக்கமான கோட்டையெல்லாம் விட்டுவிட்டு எளிய பாணிக்கு மாறினார். ஆனாலும் நிறுத்தவில்லை. ராத்திரி குளிரில் கை விறைத்து வரையும் தம்பி, இது உங்களுக்குத்தான். ஒரே ராத்திரியில் மூன்று பக்கம் போடாதீர்கள்.

என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்தார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. கூடலூருக்கு வந்து நாற்பது வருடம் ஆன பிறகும், "எங்க லயத்துல அஞ்சாவது காம்பராவுல" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். லயம் என்றால் லைன் வீடு, காம்பரா என்றால் அறை. எந்தக் காம்பராவில் யார், எந்த வாசலில் எந்தப் பூச்செடி, எல்லாம் வரிசையாக வரும். ஊர் பெயரைச் சொல்லி அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்தப் பூச்செடியைச் சொல்லும்போது பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் பைலட்டுகள் ரேடியோவில் 'பிரிவு டி, கட்டம் நாற்பது' என்று பேசினால் எனக்கு ஒட்டாது. உள்ளூர்க்காரன் அப்படிப் பேசமாட்டான். 'வாத்தியார் வீட்டுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்' என்பான். எதிரி ஒட்டுக்கேட்டாலும் அவனுக்கு அந்த வாத்தியார் வீடு எங்கே என்று தெரியாதே.

'காலனி' என்ற சொல்லையும் ஒருமுறை யோசியுங்கள். ஜப்பானியருக்கு அது விண்வெளி, நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது. ஊருக்கு ஒரு பேர் வையுங்கள், அந்தப் பேரையே எல்லோரும் சொல்லட்டும்.

---

அரை_ஆரம் எழுதியது:

ஏழாம் லைன் சொன்ன வாத்தியார் வீடு அருமை. வாத்தியார் என்பதால் சொல்லவில்லை.

ஒரு சின்னத் துணுக்கு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். காவல் ரோபோ வெளிப்புறம் ரோந்து போனால், அது காலனியின் மேல் நிற்காது, தொங்கும். பிடி விட்டால் 640 கி.மீ. வேகத்தில் எறியப்படும். அப்புறம் கதிர்வீச்சு. உள்ளே இருப்பவர்களுக்குத் தரைக்கடியில் மண்ணும் உலோகமும் கவசம், வெளியே இருப்பவனுக்கு ரோபோவின் தகடு மட்டும்தான். நம் ஊட்டியிலேயே கிரேப்ஸ்-3 என்று அண்டக் கதிர்களை எண்ணும் கருவி வரிசை இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் மோதிப் பூமியின் காந்தக் கவசம் தளர்ந்தபோது, இரண்டு மணி நேரம் எண்ணிக்கை எகிறியதை அதுதான் பதிவு செய்தது. உங்கள் ஊரில் அப்படி எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு ஆளைப் போடுங்கள். "உள்ளே வா, எண்ணிக்கை ஏறுது" என்று அவர் கத்துவார். எதிரி இன்னும் வெளியே நிற்கிறான். பைலட் என்ன செய்வான் என்பது உங்கள் பாடு.

---

குன்னூர்_வர்க்கி எழுதியது:

எல்லாம் சரி. மாடு?

---

பாலாடா_கேரட் எழுதியது:

மாட்டுப் பக்கம் இனி கிடைக்காது. அத்தை மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "சரி, இப்பவாவது புரிஞ்சுதா" என்றாள். அப்புறம் அந்த விரிப்புப் படத்தைக் கேட்டு வாங்கி, இயற்பியல் ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டாள். தேர் முன்பக்கம், மாடு பின்பக்கம்.

14-ம் பக்கத்தை மாற்றிவிட்டேன். ஓட்டை இப்போது தேயிலைக்கு நடுவில், தரையில். விளிம்பில் இருந்த செடிகள் வேரோடு உள்ளே சரிகின்றன, அடியில் நட்சத்திரம் ஓடுகிறது. முப்பது மீட்டர் தள்ளி ஒரு கொடியில் துணி எல்லாம் ஓட்டையைப் பார்த்துப் படபடக்கிறது. நூறு மீட்டர் தள்ளி மாடு மேய்கிறது. சத்தத்துக்குக் காதை மட்டும் திருப்புகிறது. எதிரி ரோபோ வாத்தியார் வீட்டுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை சுடுகிறான், மூன்றும் தேயிலைக்குள் போய்விழுகிறது. நம் ஆள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நீளவாக்கில் இருக்கும் தெருவுக்கு நடக்க ஆரம்பிக்கிறார். அங்கேயிருந்து எறிந்தால் நேராகப் போகும் என்று அவருக்குத் தெரியும். என்ன எறிவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பேக்கரி அடுப்புக்கதவு என்று நினைத்திருக்கிறேன், குன்னூர் அண்ணனுக்காக.

ஊருக்குப் பேர் வைத்தாயிற்று. ஆனால் இப்போது சொல்லமாட்டேன், கதை முடியட்டும்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி, அண்ணா. அந்தக் கிணறு மாதிரி ஓட்டைக்குள் மழைத்தண்ணீர் வழிந்து விழுந்தால் வெளியே அது பனிக்கட்டியாகுமா, ஆவியாகுமா, இரண்டும் ஆகுமா? 19-ம் பக்கத்தில் தேவைப்படுகிறது. நிதானமாகச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் மண்டி லாரி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறது, நாற்பது மூட்டை ஏற்ற வேண்டும்.